ஓநாய்ப் பள்ளத்தாக்குக்கு ஒன்றரை டிக்கற்

வீசா வரவில்லை.
எட்டு நகரம், பதினாறு நாள்,
எல்லாம் ரயிலில் என்று
ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தேன்:
எந்த ஸ்ரேசனில் லிஃப்ட் உண்டு,
எந்தத் தேவாலயக் கோபுரத்துக்கு எத்தனை படி,
எந்தச் சதுக்கத்தில் பிள்ளைகளுக்கு மூத்திரம் போக இடம்.

சனிக்கிழமை காலை
அந்தக் கொப்பியோடுதான் வெள்ளவத்தையில் ஏறினோம்.
எனக்கு ஒன்று, பவிசனுக்குப் பாதி.
அபிசனாவுக்கு மூன்று ஆகவில்லை,
அவள் சும்மா.

'இது எந்த ஊர்?'
பம்பலப்பிட்டி என்று வாய்வரை வந்தது.
கொப்பியைப் பார்த்து, 'கொலோன்' என்றேன்.
யன்னலால் எட்டிப் பார்த்தான்.
'கொலோனில் கடல் இருக்கா?'
'இருக்கு. இண்டைக்கு மட்டும்.'

கொள்ளுப்பிட்டியில் ஏறின வடைக்காரர்
ப்ரூஜ் நகரத்து இறால் வடை நாலு
பழைய கணக்குத்தாளில் சுற்றித் தந்தார்.
சின்னவள் இறாலை மட்டும் பிடுங்கித் தின்று
மிச்சத்தை என் மடியில் வைத்தாள்.

கொம்பனித்தெருவில் விளையாட்டு நின்றது.
'என்ன கொம்பனி, அம்மா?'
'ஒல்லாந்தற்ற கப்பல் கொம்பனி.'
'என்ன வித்தவை?'
கறுவா, பாக்கு, யானை என்று
நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன்,
அவன் அடுத்ததைக் கேட்டுவிடாமல்.
இங்கிலிசில் இந்த இடத்துக்கு இருந்த பெயரை
அவனே ஒருநாள் வாசிப்பான்.
கொப்பியில் அதற்குப் பக்கம் விடவில்லை நான்.

கோட்டையில் இறங்கி,
புறக்கோட்டைச் சனத்துக்குள்ளால்,
நாட்டாமைமாரின் வண்டில்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி,
முதலையின் பெயர் வைத்த வாசலில்
மணிக்கூண்டைப் பார்த்தோம்.
முதலை இல்லை.
பிறகு ஓட்டோவில் மேடு ஏறி,
ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்த தேவாலயம்.
ஓநாயும் இல்லை.
பவிசன் ஒவ்வொரு வாங்குக்குக் கீழேயும் தேடினான்.

உள்ளே குளிர்ச்சி.
தரை முழுக்கக் கல்லறைக் கல்.
தோளில் அபிசனா நித்திரை.
என் காலடியில் ஒரு சின்னக் கல்,
கதவு அகலம்கூட இல்லை.
பயணத்துக்கென்று போனில் படித்த
இருபது ஒல்லாந்துச் சொல்லில்
இரண்டு அதில் இருந்தன.
ஆண்டு. மாதம்.
பிள்ளைகளின் டிக்கற் வாங்கத் தேவைப்படும் என்று
பாடமாக்கின சொற்கள்.

இரண்டு ஆண்டு, ஏழு மாதம்.

அவளும் சும்மாதான் வந்திருப்பாள்
அத்தனை கடலும்.
யாரோ தோளில் போட்டு
மேல்தட்டில் நடந்து நடந்து
இது எந்த ஊர், இது எந்த ஊர் என்று
சொல்லிக்கொண்டு வந்திருப்பார்கள்.

என் பிள்ளையின் கழுத்து வேர்வையில்
மூக்கை வைத்தபடி
கொஞ்சநேரம் நின்றேன்.

திரும்பி வரும் ரயிலில் இருக்க இடமில்லை.
கதவுப்பக்கம் சூட்கேசில் குந்தியிருந்த ஒருவர்
பவிசனுக்கு முழங்கால் தந்தார்.
கொப்பியைப் பறித்து,
எழுத்து ஆட ஆட எழுதினான்:

ஓநாய் இல்லை.
மணி இருக்கு.
படி எண்ணயில்லை.
மூத்திரம் போக இடம் உண்டு.