எறும்பு வராத கூண்டு

கரைத்த பின் நேரமில்லை.
சில நிமிடங்களில் தானே செத்துவிடும் மருந்து;
கொல்ல வேண்டியதை அதற்குள் கொல்ல வேண்டும்.
டாக்டர் ஓமோடேலே ஊசியை ஏற்ற,
அபியோனா எலியைப் பிடித்துக்கொள்கிறாள்:
கழுத்துத் தோல் இரு விரலிடையில்,
வால் சுண்டுவிரலில்.
பன்னிரண்டு எலிகள்.
பன்னிரண்டு முறை ஒரு சின்ன இதயம்
அவள் உள்ளங்கையில் ஓடி இளைக்கிறது.

அலோக்சானுக்குச்
சர்க்கரையின் முகச்சாடை.
கணையத்தின் தீவுகளில் ஒரு கதவு
விருந்தாளி என்று நம்பித்
திறந்துவிடுகிறது.
அவ்வளவுதான் சூட்சுமம்.
ஆய்வேட்டில் இதற்கு அரைப் பக்கம்.

இலே-இஃபேயில் இரவு.
ஹர்மட்டான் புழுதியைச் சன்னல் வலை சலிக்கிறது.
மின்சாரம் போய்,
ஜெனரேட்டர் இருமி,
அதுவும் போகிறது.
முதல் ராத்திரிதான் ஆபத்து.
உடைந்த செல்கள் கையிருப்பையெல்லாம் கொட்டிவிட,
ரத்தத்தின் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கும்;
நோய் வருமுன் எலி போய்விடும்.
ஆகவே பகலில் நஞ்சுக்குப் பிடித்துக்கொடுத்த கை
இப்போது குப்பிகளில் சீனித்தண்ணீர் நிரப்புகிறது.
கிடங்கில் குளுக்கோஸ் இல்லை. சீனிக்கட்டி அவள் காசு.
பன்னிரண்டு பேருக்குத் தேநீரா என்று
கடைக்காரி ஃபுன்மிலாயோ கேட்டாள்.
ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

குடி, என்கிறாள் யொரூபாவில்.
செத்துவிடாதே,
நீ நோயாளியாக வேண்டும்.

மூன்றாம் நாள் வால்நுனியில் ஒரு சொட்டு.
பட்டைகளை எண்ணித்தான் வாங்கியிருக்கிறார்கள்.
எறும்புகளுக்குப் பட்டை வேண்டியதில்லை;
விடியுமுன்பே வந்து
நனைந்த மரத்தூளுக்கு வரிசை கட்டியிருந்தன,
ஒன்று, இரண்டு, மூன்று என்று
கூண்டு கூண்டாக.
கருவி பிறகு வந்து கையெழுத்துப் போட்டது:
முந்நூற்று எண்பது.
நானூற்றுப் பத்து.
நான்காம் எலிக்கு எண்ணே வரவில்லை,
அளவு மீறியது என்று ஒரு கோடு.

பதினொன்றில் மட்டும் எறும்பு இல்லை.
தூள் காய்ந்து கிடக்கிறது.
தொண்ணூற்றாறு.
டாக்டர் மறுபடி குத்துகிறார்.
தொண்ணூற்று நான்கு.
அதே அளவு, அதே ஊசி, அதே காலை.
அந்தக் கதவுக்குப் பின்னால் எவரோ
யாரது என்று கேட்டிருக்க வேண்டும்.

"இது நமக்கு ஆகாது," என்கிறார்.
நாளை முதல் மற்றவற்றுக்கு எவுரோ இலைச்சாறு,
கசப்பு இனிப்பை இறக்குமா என்று
இருபத்தெட்டு நாள் பார்க்க.

பதிவேட்டில் பதினொன்றுக்கு நேரே
அபியோனா எழுதுகிறாள்: விலக்கப்பட்டது.
காரணம் என்ற கட்டம் சிறியது.
நலம், என்று எழுதிவிட்டுப்
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

வரிசை முழுக்கக் குப்பிகள் காலி.
நேற்றுத்தான் நிரப்பினாள், வெறும் தண்ணீர்;
இரவுக்குள் உறிஞ்சிவிட்டன.
பதினொன்று
மீசையைத் துடைத்துக்கொண்டு
நிறைந்த குப்பிக்குக் கீழே
தாகமில்லாமல் நிற்கிறது.