பத்து கிலோவுக்குக் கீழே

எண்ணூர் விரைவுச் சாலையில்
கன்டெய்னர் லாரிகள் உறங்கும் வரிசை நடுவே
ஒரு எடைமேடை. அதன் கண்ணாடி அறையில்
பன்னிரண்டு வருஷமாக நான்.

வண்டி ஏறும். மேடை முனகும்.
சிவப்பு எண்கள் தடுமாறித் தடுமாறி
ஓர் இடத்தில் நிற்கும்.
முத்திரை வைத்த பெட்டிக்குள்
டயரா, பட்டாணியா, பொம்மையா,
கேட்டதில்லை. சீட்டைக் கிழித்து நீட்டுவேன்.
"இன்னாக்கா, உள்ள இன்னா கீதுன்னு
தெரிஞ்சிக்க ஆசையே இல்லியா?"
என்பான் கிளீனர் பையன்.

இருந்ததுடா.
மறுமையின் வரைபடமே வேண்டியிருந்தது எனக்கு.
யாரை எப்போது முன்குறித்தார்,
கேள்விப்படாமலே செத்தவர் கணக்கு யாரிடம்,
வருகைக்கு மிச்சம் எத்தனை வருஷம்.
தண்டையார்பேட்டை சபையில்
புதன்கிழமை வேதபாடத்துக்கு
கோடு போட்ட நோட்டோடு முதல் வரிசையில் உட்காருவேன்.
நான் கை தூக்கினாலே
தீமோத்தேயு பாஸ்டர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

வருஷத்துக்கொரு முறை அரசாங்க ஆள் வந்து
எடைக்கற்களை ஏற்றி இறக்கி
சரியான மேடை என்று முத்திரை குத்துவார்.
சான்றிதழ் சுவரில் தொங்குகிறது.
அதிலேயே, பொடி எழுத்தில்:
பத்துப் பத்து கிலோவாகத்தான் எண்ணும்.

காகம் வந்து மேடையில் நடக்கும். பூஜ்யம்.
ஒருநாள் என் சாப்பாட்டுக் கூடையை
நடுவில் வைத்துப் பார்த்தேன். பூஜ்யம்.
மேடை பொய் சொல்லவில்லை.
அதற்கு எட்டியது அவ்வளவு.

ஜூலையில் பெர்சிஸின் குழந்தை
ராயபுரம் ஆஸ்பத்திரியில்,
என் அறையைவிடச் சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள்,
தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.
பதினோரு நாள்.

வீட்டு ஜெபத்துக்கு
பிஸ்கட் பாக்கெட் கொண்டுவருவதுபோல
ஆளுக்கொரு பதில் கொண்டுவந்தார்கள்.
தேவ சித்தம் என்றார் ஒருவர்.
தோட்டக்காரர் நல்ல பூவைத்தான் பறிப்பார் என்றார் இன்னொருவர்.
சோதனை என்று ஆரம்பித்தவர்
அவள் முகத்தைப் பார்த்துவிட்டு
வாக்கியத்தை அப்படியே விட்டார்.

பெர்சிஸ் என் பக்கம் திரும்பினாள்.
"நீதான் எல்லாம் படிச்சவளாச்சே. நீ சொல்லு."

கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது.
பழக்கதோஷம், பெட்டிகளை எண்ணினேன்.
முப்பத்தொன்றில் தவறவிட்டேன்.
நோட்டுகள் எல்லாம் ஞாபகம் வந்தன,
எட்டு நோட்டு, மூன்று நிற மை.

"தெரியலடி" என்றேன்.

அந்தச் சொல் இத்தனை வருஷம்
தொண்டையில் எங்கே கிடந்ததோ.
வெளியே வந்தபோது வெட்கமாக இல்லை.
அவள் என் மடியில் சாய்ந்தாள்.
ஒரு தலையின் பாரம் எவ்வளவு என்று
அன்றுதான் அறிந்தேன், எண் இல்லாமல்.
பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கவில்லை.
யாரோ டீ போட எழுந்தார்கள்.

நோட்டுகளை எரிக்கவில்லை நான்.
பரணில் இருக்கின்றன.
கேள்விகளும் இருக்கின்றன,
வாடகை கேட்டு இப்போது கதவைத் தட்டுவதில்லை.

இன்று காலையும் காகம் வந்தது.
நனைந்திருந்தது, ஒற்றைக் காலில் நின்றது.
பூஜ்யம்.
கர்த்தாவே, உமது மேடை
எந்த எண்ணில் தொடங்குகிறது
என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.
தொள்ளாயிரத்து நாற்பதைப் படிக்கத் தெரிந்தவர்
படித்திருப்பார்.

ஹாரன். காகம் பறந்துவிட்டது.
மணலியிலிருந்து ஒரு டேங்கர் ஏறுகிறது.
எண்கள் தடுமாறுகின்றன.
நிற்கட்டும் என்று காத்திருக்கிறேன்.