நீல வாளி

காமாட்சி திர்வேங்கடம்.
திருவேங்கடம்தான்.
கப்பல்துறை எழுத்தர் யாரோ
ஓர் உகரத்தைக் கடித்துத் துப்பிவிட்டார்,
நூற்றைம்பது வருஷமாய் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அந்தப் பெயரில் ஆறு புத்தகம்
ரோஸ் ஹில்லில், பஸ் நிலையத்துக்கு எதிரே,
என் கடையில், ஐந்து மூலைகளில்.
கடைக்கு உள்ளது நாலு மூலைதான்.

வாசலில் கிரேடு பத்துக் கணக்கு,
ஜனவரியில் மட்டும் ஓடும்.
ஊதுபத்திக்குக் கீழே காவடி விரத முறை,
பிரெஞ்சு எழுத்தில் தமிழ்.
சுழலும் கம்பித் தட்டில் கொலைகள் இரண்டு.
கல்லாவுக்குப் பின்னால் ஊறுகாய்.
கவிதையை எங்கே வைத்தேன் என்று எனக்கே மறந்துபோனது.
தமிழ் எழுத்தில் வந்தது அது ஒன்றுதான்.
அதனால்தான் விற்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

கோர் தெ கார்து மலைக்குக் காவடி எடுக்கிற பையன்
விரத முறைக்குக் காசு கொடுத்துவிட்டு
கம்பித் தட்டைச் சுற்றுவான்.
"இந்தப் பேர்ல ரெண்டு பேரா, தொந்தோன்?"
தெரியாது என்பேன்.
பாவாடை மிஸ்யே, கணக்கு வாத்தியார்,
தெரிந்தே வருந்துவார்:
இயற்கணிதம் எழுதின கை
கழுத்தை நெரிக்கலாமா?
பதிப்பாளர் போர்ட் லூயியிலிருந்து போன் போட்டார்,
புனைபெயர் வைக்கச் சொல்லுங்கள்,
நீங்கள் சொன்னால் கேட்பார்.

சொன்னேன்.
"ஏற்கெனவே ஓர் உகரம் போச்சு," என்றார் அந்தம்மா,
"மிச்சத்தையுமா பங்கு வைக்கணும்?"

பிப்ரவரியில் புயல்.
மூன்றாம் எச்சரிக்கை வந்தபோதே மேற்குச் சுவர் வியர்த்தது.
எல்லாவற்றையும் வாரி நடு மேசையில் குவித்துத்
தார்ப்பாய் போட்டேன்.
கரண்ட் போனது. வீட்டுக்குப் போகிற வழியும் போனது.
டார்ச்சும் நானும்.
கைக்கு வந்ததைப் படித்தேன்.

கணக்கு, நாற்பத்தொன்றாம் பக்கம்:
பதினெட்டு லிட்டர் நீல வாளி. அடியில் ஓட்டை.
மணிக்கு மூன்று லிட்டர் ஒழுகினால் எப்போது காலியாகும்?
ஊறுகாய்: மாங்காயை நீல வாளியில் கழுவவும்,
ஓட்டை இருந்தால் நல்லது, தானே வடியும்.
முதல் கொலையில்
குசினியிலிருந்து மாடிப்படிவரை சொட்டுகள்,
துப்பறிகிறவள் மண்டியிட்டு எண்ணுகிறாள்.
இரண்டாவதில் வாளி ஒரு பாவமும் அறியாது,
குழாயடியில் சும்மா நிற்கிறது, முப்பது பக்கம்.
நமக்குத்தான் பயம்.
விரத முறை: குளிக்கப் புது வாளி உத்தமம்.
இல்லாதவர் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு
மறுகையால் மொண்டு ஊற்றவும்.

கூரைத் தகரம் ஒன்று எங்கோ கழன்று
தெருவோடு இழுபட்டுப் போயிற்று.

கவிதைகளில் தேடினேன்.
நாற்பத்தெட்டுப் பக்கம்.
வாளி இல்லை.
நீலம்கூட இல்லை.
யார் வீட்டுத் தரையிலோ
தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது,
மேசைக் காலைச் சுற்றி,
கழற்றிப் போட்ட ஒரு ஜோடி ஷூவைச் சுற்றி,
கதவை நோக்கி.

எச்சரிக்கை நீங்கிய அன்று
முதல் ஆளாய் வந்தார்,
ரப்பர் செருப்பும் சேற்றுப் பாவாடையுமாய்.
"நனைஞ்சிதா?"
இல்லை என்றேன்.

மேசையைப் பார்த்தார். ஆறும் ஒரே அடுக்கில்.
விரத முறையின்மேல் கிடந்த கொலையை எடுத்துக்
கீழே செருகினார்.
கவிதையின் பின்னட்டையில் விலையைப் பார்த்தார்.
"இன்னும் அதே நூறு ரூபாதானா?"

அந்த நீல வாளி, என்று ஆரம்பித்தேன்.

"எந்த வாளி?" என்றார்.
பிறகு கூரையை அண்ணாந்து பார்த்து,
அங்கே ஒழுகுகிறதே, அடியில் எதையாவது வையுங்கள்,
என்று சொல்லிப் போய்விட்டார்.
பெயிண்ட் டப்பா ஒன்று இருந்தது. வைத்தேன்.

திங்களன்று பாவாடை மிஸ்யே வந்தார்.
பள்ளிக்கூட நூலகம் மிதக்கிறதாம்,
கணக்கு இருபது பிரதி வேண்டும்.
பில் போட்டேன்.
போகிற போக்கில் நின்று,
இரண்டாம் கொலையைக் கையிலெடுத்து,
தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டு,
தாளில் சுற்றித் தரச் சொன்னார்.