இதர

மேட்டூரில் அடி குறைந்தது
எங்கள் அலுவலகத்துக்கு
ஒரு சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது.
நான்கு நாளுக்கொரு முறை, இனி ஒன்பது.
வால்வு பதினொரு சுற்று, இனி ஏழு.

மாதையன் எண்ணித்தான் திறக்கிறார்,
குகையில், இரவு இரண்டே காலுக்கு,
குழிக்குள் குனிந்து
சாவிக்கம்பியில் காதை வைத்து.
முதலில் காற்றுதான் வரும்.
பிறகு துரு.
பிறகு எந்த வீட்டிலோ
குடம் நகரும் ஓசை.

புது அழுத்தமானிகள் என் திரையில்
பச்சையாகவே எரிந்தன.
ஒரு வியாழன் இரவு மட்டும் மஞ்சள்:
எட்டுச் சுற்று.
விளக்கம் கேட்டேன்.
"சாவு வீடு மேடம். கழுவி விடணும்ல."

சுற்றறிக்கையை இரண்டு தரம் படித்தேன்.
சாவுக்கு அதில் பத்தி இல்லை.
ஸ்கேல் வைத்துப் பதிவேட்டில்
ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டேன்,
தலைப்பு: இதர.

அந்த ஒரு சுற்றை எங்கே பிடிப்பது?
கமிஷனர் பங்களா லைனில் அரை.
என் தெருவில் அரை.

இப்போதெல்லாம் எங்கள் மாடிக் குழாய்
பாதி வாளியிலேயே இருமி நின்றுவிடுகிறது.
"நீதானே தண்ணிக்கு இன்ஜினியர்?"
என்கிறார் வீட்டுக்காரர்,
தலையெல்லாம் சோப்பு நுரையோடு.

வாயில் பிரஷ் இருந்தது.
நல்லவேளை.