இடக்காதில் கடலூர்

பத்து மணிக்குப் பதிவை அழுத்த வேண்டும்,
முதல் மின்னல் தெரிந்ததும் இருவரும் "இப்போ" என்று சொல்ல வேண்டும்.
இவ்வளவுதான் பேசிக்கொண்டோம். டவர் போய்விட்டது.

மீனலோசனி குருசுக்குப்பத்து மொட்டைமாடியில்.
நான் தேவனாம்பட்டினத்தில், எஞ்சின் பழுதுபார்க்கும் கொட்டகையில்.
நடுவே இருபத்திரண்டு கிலோமீட்டர்,
பெண்ணையாறு, அரியாங்குப்பத்து ஆறு,
பையைத் துழாவும் ஒரு சோதனைச்சாவடி.
நாலு மாதமாகிறது.
ஏன் என்று கேட்பவர்களிடம்
வேலை என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

மறுநாள் அவள் கோப்பு வந்தது.
ஒற்றை ஒலி. என்னுடையதும் ஒற்றைதான்.
அவள் போன் ஒரு நொடியை
நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டாக நறுக்குகிறது,
என்னுடையது நாற்பத்தெட்டாயிரமாக.
இதில்கூட ஒத்துப்போகவில்லை பார்,
என்று அங்கே யாரும் இல்லாமலே சொன்னேன்.

திரையில் மேல்வரி அவள், கீழ்வரி நான்.
கடலைப் பார்த்து நிற்பவருக்குப்
புதுச்சேரி இடக்கைப் பக்கம்.
அவளை இடப்பக்கம் தள்ளினேன், என்னை வலப்பக்கம்.
அவளுடைய "இப்போ"வுக்கு நேர்கீழே என்னுடையதை நகர்த்தினேன்.
அவளுடையது குட்டை, காற்று பாதியைத் தின்றிருந்தது.
என்னுடையதில் எச்சில் விழுங்கும் சத்தம்கூட விழுந்திருக்கிறது.
(சிப்காட் நெடி மட்டும் பதியவில்லை.)

ஸ்டீரியோவாகச் சேர் என்றேன். சேர்ந்தது.

ஹெட்போனை மாட்டினால்
ஒரு காது புதுச்சேரியில், ஒரு காது கடலூரில்
இருக்கிற ஒருவனாக ஆகிவிட்டேன்.
அவ்வளவு அகலத் தலையை வைத்துக்கொண்டு
பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பத்தொன்பதாம் நொடி, வலப்பக்கம் இடி.
தகரக்கூரை உதறுகிறது, எங்கோ ஒரு ஸ்பேனர் உருண்டு விழுகிறது.
இடப்பக்கம் ஒன்றும் ஆகவில்லை.
யாரோ வாளி நகர்த்துகிறார்கள். ஒரு நாய்.
அதே இடி நரம்பை தாண்டி, பூரணாங்குப்பம் தாண்டி
இன்னும் வடக்கே நடந்துகொண்டிருக்கிறது.

என் இடி விழுந்த பிறகும் நான் எண்ணுகிறேன்.
அவளுக்கு எப்போது போய்ச் சேரும் என்று.
இருபத்தொன்பது, முப்பது,
வலப்பக்கம் நான் "முப்பத்தொண்ணு" என்கிறபோது
இடப்பக்கம் அவள், பக்கத்து வீட்டு மதலேன் அக்காவிடம்:
"அங்க ஒருத்தரு இன்னும் எண்ணிக்கிட்டு இருப்பாரு பாருங்க."
பிறகு சிரிப்பு.
அந்தச் சிரிப்புக்குள்ளேயே முப்பத்திரண்டு, முப்பத்துமூணு.

நாற்பதில் நிறுத்திவிட்டேன்.
மழை வந்தது, கோணி எடுத்து எஞ்சினை மூட ஓடினேன்.
அவளுக்கு இடி விழுந்தது நாற்பத்தெட்டில்.

அனுப்பினேன். மதியம் கூப்பிட்டாள்.
"நான்தான் பேசுறேன், நான்தான் சிரிக்கிறேன்.
நீங்க எங்க?"
அவள் இயர்போனில் வலக்காது செத்துப்போய் ஒரு மாதமாம்.
துணியோடு சேர்ந்து ஊறிவிட்டதாம்.

இரண்டையும் கலந்து ஒரே காதில் ஊற்றிவிடலாம். எளிது.
செய்தும் பார்த்தேன்.
அவள் சிரிப்பை என் எண்கள் ஏறி மிதித்தன.
அழித்தேன்.

இடத்தை வலமாக்கி, வலத்தை இடமாக்கி
மறுபடி ஒரு கோப்பு செய்தேன்.
கீழே எழுதினேன்:
இதைக் கேட்கும்போது கடலுக்கு முதுகு காட்டி உட்கார்.
அப்போதுதான் கடலூர் இடப்பக்கம் வரும்.

ஐந்தரைக்கு இரண்டு நீல டிக்.
ஊரே கடலைப் பார்த்து உட்காரும் அந்தப் பாறைகளில்
அவள் ஒருத்தி மட்டும் ஊரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்,
வேர்க்கடலைக்காரர் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்.
இதெல்லாம் என் கற்பனை.

ஏழு மணிவரை எதுவும் வரவில்லை.
பிறகு ஒரே ஒரு வரி:

"நாப்பதோட ஏன் நிறுத்திட்டீங்க?"