தரம்

மல்லாவிச் சித்த வாட்டில்
கக்கூசுக் கதவுக்கு வெளியே ஒரு கதிரை.
அது என்னுடையது.
மடியில் கொப்பி,
நூலில் கட்டின பேனை.

மூன்று நாள் நெய் குடித்து
முதுகுக்கும் முழங்காலுக்கும் எண்ணெய் வாங்கி
நொச்சி அவித்த ஆவிக்குள் நனைந்து
நாலாம் நாள் விடிய
பேதி மருந்து விழுங்கினவர்கள்
என்னைக் கடந்துதான் போகவேண்டும்.
உள்ளே போகையில் ஓட்டம்.
திரும்புகையில் சுவரைப் பிடித்து.
"மூண்டு!" என்று குரல் வரும்.
மூன்றாம் கோடு இழுப்பேன்.

எத்தனை தரம், என்ன நிறம்,
கடைசியில் வெறும் தண்ணியா, சளியா,
வயிறு லேசா, தலை சுத்துதா.
இவ்வளவும் எழுதாமல்
டொக்டர் துவாரகி மோர்க்கஞ்சிக்கு
ஓம் சொல்லமாட்டா.

நெல்லு மில் அருட்செல்வம்
"ரெண்டு" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.
வாளி ஐந்து தரம் நிரம்பின சத்தம்
எனக்குக் கேட்டது.
ஐந்து என்றே எழுதினேன்.

கண்ணிவெடி எடுக்கிற கொம்பனியில்
ஒன்பது வருசம் முழங்காலில் நின்ற கேமலதா
ஏழாம் தரம் வெளியே வந்து
கொப்பியை எட்டிப் பார்த்தாள்.
"எங்கட வேலையிலயும் இப்பிடித்தான் அக்கா,
துப்பரவு எண்டு ஒராள் சொன்னாக் காணாது.
பின்னால வாறவனும் ஒருக்காத் தட்டிப் பாக்கவேணும்."
பிறகு எட்டாம் தரத்துக்கு ஓடினாள்.

இரத்தினவடிவேலின் பக்கத்தில் மட்டும்
ஒரு கோடும் இல்லை.

பாண்டியன்குளத்தில் ஆறு ஏக்கர்.
இருபது போகம்
மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து
வெறுங்காலோடு விசிறினவர்.
நாரி உளைவு, சோர்வு, கால்வீக்கம்.
எண்ணெய் பூசி, பேதி குடித்து,
உள்ளதெல்லாம் கொட்டிவிட்டுப் போகலாம் என்று
மாற்றுச் சாறமும் சவுக்காரமும் கொண்டு வந்திருந்தார்.

துவாரகி இரத்தப் பரிசோதனைத் துண்டை
இரண்டு தரம் வாசித்தா.
"உங்களுக்கு இது குடுக்கக்கூடாது, ஐயா."

"ஊருக்கெல்லாம் கழுவி விடுறியள்.
எனக்கு மட்டும் அழுக்கு இல்லையோ?"

"இருக்கிற தண்ணியையும் இறைச்சா
அந்த ரெண்டும் தாங்காது."
கையை நாரிக்குப் பின்னால் வைத்துக் காட்டினா.
பிறகு கடிதம். வவுனியாவுக்கு.

அன்றைக்கு அவர் உடனே போகவில்லை.
வாங்கில் இருந்தபடி
ஓடுகிறவர்களையும் திரும்புகிறவர்களையும்
பந்திக்கு அழைக்கப்படாதவர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
சவுக்காரத்தை வாங்கிலேயே மறந்துவிட்டுப்
பத்தரை பஸ் ஏறினார்.
அதை நான்தான் கரைத்து முடித்தேன்.

மாரி போய்ச் சிறுபோகமும் வெட்டின பிறகு
மனிசியின் முழங்காலைக் கூட்டிக்கொண்டு வந்தார்.
பாதி ஆளாய்.
இடது கையில் ஒரு நரம்பு
கயிறு மாதிரித் தடித்து எழும்பியிருந்தது.
"தொட்டுப் பார்."
தொட்டேன்.
தூரத்து வயலில் தண்ணி மோட்டர் ஓடும்போது
வரம்பில் வைத்த கால் அதிர்வது போல
தோலுக்குக் கீழே இரைச்சல்.

"நாலு மணித்தியாலம்.
இருக்கிற இரத்தம் முழுக்க வெளியில போய்
வடிச்சுக்கொண்டு திரும்பி வருது.
கிழமைக்கு ரெண்டு நாள்.
பேதி குடிச்சவன் மத்தியானம் கஞ்சி குடிச்சா முடிஞ்சுது.
எனக்கு ஒரு செம்பு தண்ணிக்கும் கணக்கு."

கதிரைக்குப் பக்கத்தில் குந்தினார்.
கொப்பியைத் தட்டினார்.
"அண்டைக்கு எனக்கு ஒண்டும் எழுதேல்லைத்தானே.
எழுது, பிள்ளை. தொண்ணூற்றி நாலு."

நிறத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது,
சளிக்கு ஒன்று, தலைச்சுற்றுக்கு ஒன்று.
இதற்கு இல்லை.
பழைய பக்கத்தைத் தேடிப் பிடித்து
அவர் பெயருக்கு நேரே
ஐந்தைந்தாகக் கட்டிக் கோடு இழுத்துக்கொண்டு போனேன்.
விளிம்பு முட்டிற்று. அடுத்த வரிக்கு இறங்கினேன்.
வாய் அசைய அவரும் கூட எண்ணினார்.

அறுபதோ அறுபத்தைந்தோ வரும்போது
உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள்:
"ஆறு!"

இரண்டு பேருக்கும் எண்ணிக்கை தவறிப்போயிற்று.
"பரவாயில்லை," என்றார்.
"முதல்ல இருந்து வா."