பன்னிரண்டாம் பக்கம்

கரும்பலகையில் ஒரு மலை வரைந்தேன்.
அடிவாரத்தில் தொடக்கம், சரிவில் சிக்கல்,
நுனியில் உச்சம்,
அந்தப் பக்கம் இறங்கினால் முடிவு.
பயிற்சியில் சொன்னபடியே, அம்புக்குறி உட்பட.

மூன்றும் நான்கும் ஒரே அறையில் படிக்கும்
மன்னவனூர்ப் பள்ளி.
பதினேழு பேர், பதினேழு ஸ்வெட்டர்,
ஐந்தில் பொத்தான் இல்லை.

"இது எந்த மலை டீச்சர்?" என்றாள் ஜெனிலா.
"ரோடே காணோம்."
"கேரட் மூட்டையோட இதுல ஏறுனா
உருண்டுருவோம்," என்றான் குருபரன்.
"மேல என்ன இருக்கு?"
உச்சம், என்றேன்.
"மேல டவர்தான் இருக்கும்.
அங்க ஒண்ணும் நடக்காது டீச்சர்."

நான் மானாமதுரைக்காரி.
எங்களுக்கு மலை என்பது காலண்டரில் வருவது.
இவர்களுக்கு அது
கீழே விழுந்த பென்சில்
எந்தப் பக்கம் உருளும் என்பது.

சரியென்று புத்தகத்தைத் திறந்தேன்.
நத்தை ஒன்று கடிதம் கொண்டுபோகிறது.
பக்கத்துக்கு ஒரு வரி, மிச்சமெல்லாம் படம்.
முதல் பக்கத்தில் ஓட்டின் மேல் தபால் பை.
நான்கில் வழி தவறுகிறது.
ஏழில் தூறல். பதினொன்றில் ஆறு,
பாலம் கிடையாது.
திருப்பினால் பதினான்கு.

போன ஐப்பசி முழுக்க
பீரோவுக்குள்ளும் மேகம் வந்து உட்கார்ந்திருந்தது.
பன்னிரண்டும் பதின்மூன்றும்
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன.
பதினான்கில் நத்தை அக்கரையில் நிற்கிறது.
பை இல்லை. கடிதம் இல்லை.

"உச்சம் உள்ளே மாட்டிக்கிச்சு," என்றேன்.
"என்ன நடந்திருக்கும்?"

மீன் முழுங்கிருச்சு.
தவளை வாங்கிட்டு ஓடிருச்சு.
"அதுவே தின்னுருக்கும் டீச்சர்.
எங்க தோட்டத்துல முட்டைக்கோசையே
ஒரு ராத்திரில ஓட்டை போடுது."
நத்தையின் மேல் இத்தனை புகார்கள் இருக்கும் என்று
படம் வரைந்தவர் நினைத்திருக்க மாட்டார்.

குழந்தைவேலு மட்டும் வாய் திறக்கவில்லை.
உனக்கு நடந்த கதை ஒன்று சொல், என்றேன்.
"மண்ணு சரிஞ்ச கதை."
எல்லாத் தலையும் ஆடியது. எல்லோருக்கும் தெரிந்த கதை.
"அப்போ மண் சரிஞ்சதுதானே உச்சம்?"
சாக்பீஸோடு மலை நுனிக்குப் போனேன்.

"இல்ல டீச்சர். அப்ப நாங்க தூங்கிட்டிருந்தோம்.
சத்தம்கூடக் கேக்கல.
விடிஞ்சும் பால் வண்டி வரல.
அம்மா கேனை வச்சுக்கிட்டு நின்னுச்சு.
நின்னுக்கிட்டே இருந்துச்சு.
அப்பதான்."

பால் வண்டி ஓட்டுவது அவன் அப்பா என்பது
அந்த அறையில் எனக்கு மட்டும்தான் புதிது.

"அப்புறம்?"
"சாயங்காலம் நடந்தே வந்துட்டாரு.
வண்டி வரல."

யாரும் சொல்லாமலே
பதினேழு பேரும் பதினான்காம் பக்கத்தைப் பார்த்தார்கள்.
ஈரமான நத்தை. வெறும் ஓடு.

மலையை அழித்தேன்.
குருபரன் சாக்பீஸைப் பிடுங்கி
பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை
கொண்டை ஊசி வளைவுகளாக இழுத்துக்கொண்டே போனான்.
ஒவ்வொன்றுக்கும் எண் போட்டான்.
ஆறாவதில் நின்று, யோசித்து,
"ஒலி எழுப்பவும்" என்று
எழுத்துப் பிழையோடு எழுதினான்.
திருத்த மறந்துவிட்டேன்.

மதியம் சத்துணவு அன்னத்தாயிடம்
புத்தகத்தைக் கொண்டுபோனோம்.
சோற்றுப் பானையின் ஆவியில்
அப்பளத்தைப் போல அதைக் காட்டினார்.
விளிம்பு நெகிழ்ந்தது. நகத்தால் பிரித்தார்.
அத்தனை பேரும் மூச்சு விடவில்லை.

படம் இரண்டாய்க் கிழிந்து வந்தது.
நத்தை ஒரு பக்கம், கடிதம் மறுபக்கம்,
ஆறு ஓடியிருக்க வேண்டிய இடத்தில்
நார் நாராக வெள்ளைத் தாள்.

"இப்ப நாமளே வரைஞ்சுக்கலாமா?" என்றாள் ஜெனிலா.
"முதல்ல காயட்டும்."

மறுபடி ஒட்டிவிடாமல் இருக்க
குருபரன் தன் டவுசர் பையிலிருந்து
மண் போகாத கேரட் ஒன்றை எடுத்து
நடுவில் பாரம் வைத்தான்.

மணி அடித்ததும் அதைத் தின்றுவிட்டான்.